கான்கோர்டியா (பாய்மரக் கப்பல்)

கான்கோர்டியா என்பது 1992 முதல் 2010 வரை மிதக்கும் பள்ளியாகப் பயன்படுத்தப்பட்ட, மூன்று பாய்மரங்களைக் கொண்ட ஒரு கப்பல் ஆகும். கனடாவின் கிளாஸ் அஃப்லோட் என்னும் கல்வித் திட்டத்தில் சேர்ந்த மாணவர்கள் இக்கப்பலிலேயே தங்கிப் பாடம் படித்தனர். பாய்களை ஏற்றி இறக்குதல், சுக்கான் பிடித்தல், இரவுக் காவல் ஆகிய வேலைகளையும் செய்தவாறு பல நாட்டுத் துறைமுகங்களுக்குச் சென்று வந்தனர். 2010 பெப்ரவரி 17 அன்று பிரேசில் நாட்டுக்குத் தென்கிழக்கே, அத்திலாந்திக்குப் பெருங்கடலில் இக்கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. அப்போது கப்பலில் இருந்த 64 பேரும் உயிர் தப்பினர். அவர்களுள் 48 பேர் மாணவர்கள்.

இக்கப்பலை, 2012 ஆம் ஆண்டில் இத்தாலியின் கரையருகே பாறையில் மோதிச் சாய்ந்த கோஸ்டா கான்கோர்டியா என்னும் பயணிகள் கப்பலுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

திட்டத்தின் தோற்றம்

கிளாஸ் அஃப்லோட் என்பதற்கு "மிதக்கும் வகுப்பு" என்று பொருள் கொள்ளலாம். இத்திட்டம் 1984 ஆம் ஆண்டில் டெரி டேவிஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. மொன்றியால் நகரின் வெஸ்ட் ஐலண்ட் கல்லூரி என்ற பள்ளியுடன் இணைந்து அது நடத்தப்பட்டது. தொடக்கத்தில் திட்டத்துக்கெனச் சொந்தக் கப்பல் இருக்கவில்லை. போலந்து நாட்டின் போகோரியா என்ற பாய்மரக் கப்பல் வாடகைக்கு எடுக்கப்பட்டது. பின்னர் போலந்திலேயே, ஷ்செட்சின் நகரில், இத்திட்டத்துக்கென்றே கான்கோர்டியா கட்டப்பட்டு 1992 இல் பணிக்கு வந்தது. பிற்காலத்தில் திட்டத்தின் தலைமையிடம் நோவா ஸ்கோசியா மாகாணத்தின் லூனென்பர்க் நகருக்கு மாறியது. மரக்கப்பல் கட்டுதலுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் பேர்பெற்ற பழைய துறைமுகம் அது.

பாய்மரப் பயிற்சிக் கப்பல்கள் பல நாடுகளில் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கடற்படைக்கோ வணிகக் கப்பல் துறைக்கோ ஆள் பயிற்றுவிப்பவை. இந்தியக் கடற்படையின் தரங்கிணி முதல் வகையைச் சேர்ந்தது. கான்கோர்டியா இவ்விரண்டு வகையிலும் சேராது. இதில் படித்தவர்கள் மாலுமிகள் ஆக வந்தவர்கள் அல்லர். மேல்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளிலும் பல்கலைக்கழக முதலாம் ஆண்டிலும் இருந்த சாதாரண மாணவர்கள், ஒரு பருவத்தையோ ஒரு முழுக் கல்வியாண்டையோ கடலில் கழிக்க வந்தனர். முழு ஆண்டுக் கட்டணம் 40,000 கனடிய டாலருக்கும் மேல் இருந்ததால் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இக்கல்வி எளிதில் எட்டியது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

கப்பலின் அமைப்பு

கான்கோர்டியா எஃகு உடல் கொண்டது. இதன் நீளம் சுமார் 57.5 மீட்டர். பாய் அமைப்பின் அடிப்படையில் இது பார்க்வென்டைன் எனப்படும் வகையைச் சேர்ந்தது. இவ்வகைக் கப்பலில் முன்பாய்மரத்தில் மட்டும் குறுக்குக் கட்டைகளிலிருந்து சதுரப் பாய்கள் தொங்கும். நடுப்பாய்மரத்திலும் பின்பாய்மரத்திலும் கப்பலின் நெடுக்குவாட்டில் விரியும் பாய்கள் கட்டப்பட்டிருக்கும். எல்லாப் பாய்மரங்களிலும் சதுரப் பாய்களைக் கொண்ட கப்பலை விட இதற்கு ஆட்கள் குறைவாகவே தேவை. ஆனால் பழகாத கைகளுக்குப் போதுமான வேலையும் இருக்கும். பயிற்சிக் கப்பலுக்கு இவ்வமைப்பு பொருத்தமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

காற்று இல்லாதபோதும் துறைமுகத்துக்குள் நுழையும்போதும் பயன்படுத்த ஒரு டீசல் பொறியும் இருந்தது. மூழ்கிய காலத்தில் கப்பல் பார்படோசு நாட்டுக் கொடியின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டிருந்தது. கனடியப் பள்ளி, போலந்தில் கட்டிய கப்பல், கரிபியன் நாட்டுக் கொடி என்னும் இந்தக் கலவை கப்பல் உலகில் வழக்கமானதே. எனினும் கப்பலின் அதிகாரிகளுக்கு எந்த நாட்டின் விதிப்படி என்ன பயிற்சி இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோது அது முக்கியமானதாக மாறியது.

மாணவர் வாழ்க்கை

பாய்மரக் கப்பல் ஒன்று கடலில் இருக்கும்போது அதன் வேலை இரவில் நிற்பதில்லை. சுக்கானை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். முன்புறத்தில் ஒருவர் நின்று பிற கப்பல்களின் விளக்குகள் தெரிகின்றனவா என்று பார்த்திருக்க வேண்டும். குறித்த இடைவெளியில் ஒருவர் கப்பல் முழுவதும் சுற்றிவந்து அடித்தளத்தில் நீர் சேர்ந்துள்ளதா, ஏதேனும் கயிறு தளர்ந்துள்ளதா எனச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கான்கோர்டியாவில் இவற்றைச் செய்தவர்கள் மாணவர்களே. அவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, அதிகாரி ஒருவரின் கீழ்ச் சுழற்சி முறையில் காவல் பணி செய்தனர். இவ்வாறு அமைந்த கப்பலில் ஒரு மாணவர் நள்ளிரவில் எழுந்து காவல் முடித்து, சிறிது தூங்கி, காலையில் வேதியியல் வகுப்புக்குச் செல்வது வியப்புக்குரியது அன்று. தூக்கத்தைப் பகிர்ந்து பயன்படுத்தக் கற்றுக்கொள்வதே கப்பல் பள்ளியின் முதல் பாடம் எனலாம்.

கடற்பிணி இரண்டாவது பாடம். உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு உணரும் அசைவும் கண் காணும் அசைவும் ஒத்துப்போகாததால் ஏற்படும் இந்தக் குமட்டல் பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் அடங்கிவிடும். அதுவரை மேல்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பதே எளிய மருந்து. புத்தகத்தைக் குனிந்து படிப்பது நிலையை மோசமாக்கும் என்பதால், பயணத் தொடக்கத்தில் பாடம் படிப்பதற்கும் உடல் நலத்துக்கும் ஓர் இழுபறி இருந்துகொண்டே இருக்கும்.

சமையலறை உதவி, பாத்திரம் கழுவுதல், தளம் தேய்த்தல், துரு நீக்கி வண்ணம் பூசுதல் ஆகியவையும் மாணவர் கடமைகளில் அடங்கும். கப்பலில் நன்னீர் அளவோடுதான் கிடைக்கும் என்பதால் குளியலுக்கும் கணக்கு உண்டு. சிறிய அறைகளில் அடுக்குப் படுக்கைகளில் பலர் சேர்ந்து தங்குவர். சண்டை போட்ட நண்பரை விட்டு விலகிப் போக 57 மீட்டருக்கு மேல் இடம் கிடையாது. ஆசிரியர்களுக்கும் இதே நிலைதான். பள்ளி முடிந்ததும் வீட்டுக்குச் செல்லும் ஆசிரியர் இங்கு இல்லை. காலையில் கணிதம் சொல்லிக்கொடுத்தவரே மாலையில் அதே கயிற்றின் அடுத்த பிடியை இழுத்துக்கொண்டிருப்பார்.

பாடங்கள்

வகுப்புகள் பெரும்பாலும் கப்பல் கடலில் ஓடும் நாட்களில் நடந்தன. துறைமுகத்தில் நிற்கும் நாட்கள் ஊர் பார்த்தலுக்கும் அவ்வூரைப் பற்றிய ஆய்வுகளுக்கும் ஒதுக்கப்பட்டன. கணிதம், அறிவியல், மொழி, வரலாறு போன்ற வழக்கமான பாடங்கள் இருந்தன. கரைக்குத் திரும்பியபின் மாணவர் தம் கல்வியைத் தொடர வேண்டும் என்பதால் மதிப்பெண்ணும் தேர்வும் கரையில் உள்ளவை போலவே ஏற்கப்படத்தக்கனவாக இருந்தன. அவற்றோடு கடல் உயிரியல், மானிடவியல் போன்று பயணத்தோடு பொருந்தும் பாடங்களும் இடம்பெற்றன.

கடலில் சில பாடங்கள் தாமாகவே பொருள் பெறுகின்றன. வடிவியலை எடுத்துக்கொள்ளலாம். நண்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைக் கோணமானியால் அளந்தால் கப்பல் நிற்கும் அகலாங்கைக் கணக்கிட முடியும். சூரியன் நிலநடுக்கோட்டின் மேல் நிற்கும் மார்ச் அல்லது செப்டம்பர் சமநாளில் நண்பகல் உயரம் 70 பாகையாக இருந்தால், கப்பல் நிலநடுக்கோட்டிலிருந்து 20 பாகை தள்ளி இருக்கின்றது என்று பொருள். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். எனவே கோண அளவீட்டில் அரைப் பாகை தவறினால் விடை 30 கடல் மைல் தவறிவிடும். கரும்பலகையில் அரைப் பாகை என்பது ஒரு மதிப்பெண் மட்டுமே. செயற்கைக்கோள் வழிகாட்டிகள் வந்தபின் இக்கணக்கு நடைமுறையில் தேவையில்லை என்றாலும், பயிற்சிக் கப்பல்களில் இதை இன்னும் சொல்லிக்கொடுக்கின்றனர்.

இவை அனைத்திலும் மேலாக ஒத்திகைகள் இருந்தன. தீ மூண்டால் என்ன செய்வது, ஒருவர் கடலில் விழுந்தால் என்ன செய்வது, கப்பலைக் கைவிட வேண்டி வந்தால் யார் எங்கே கூட வேண்டும், உயிர்காப்புச் சட்டையை எப்படி அணிவது என்பவை திரும்பத் திரும்பச் செய்து பார்க்கப்பட்டன. மாணவர்களுக்கு இவை சலிப்பூட்டியிருக்கக்கூடும்.

கடைசிப் பயணம்

2009 செப்டம்பரில் நோவா ஸ்கோசியாவிலிருந்து புறப்பட்ட கான்கோர்டியா ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சென்றபின் தென் அமெரிக்காவை அடைந்தது. 2010 பெப்ரவரி 8 அன்று பிரேசிலின் ரெசிஃபி துறைமுகத்திலிருந்து உருகுவையின் தலைநகரான மொண்டிவிடியோவை நோக்கிக் கிளம்பியது. 48 மாணவர்களுடன் ஆசிரியர்களும் மாலுமிகளுமாக மேலும் 16 பேர் கப்பலில் இருந்தனர். மாணவர்களுள் பெரும்பாலோர் கனடியர். ஐக்கிய அமெரிக்கா, ஆத்திரேலியா, ஐரோப்பா முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களும் இருந்தனர்.

பெப்ரவரி 17 பிற்பகலில், ரியோ டி ஜெனீரோவிலிருந்து ஏறத்தாழ 300 கடல் மைல் தொலைவில் கப்பல் இருந்தபோது மழையோடு ஒரு திடீர்ச் சூறைக்காற்று வந்தது. மாணவர்களில் பலர் அப்போது வகுப்பில் இருந்தனர். கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிரவில்லை. சிறிது நேரத்தில் பாய்கள் தண்ணீரைத் தொடும் அளவுக்குப் படுத்துவிட்டது. சுவர் தரையாகவும் தரை சுவராகவும் மாறிய நிலையில், உள்ளே இருந்தவர்கள் ஒருவரையொருவர் இழுத்துவிட்டுக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறினர். வானொலிக் கருவியைப் பயன்படுத்தி உதவி கோர வாய்ப்பு இருக்கவில்லை. சுமார் அரை மணி நேரத்தில் கப்பல் நீருக்குள் மறைந்தது. அதற்குள் 64 பேரும் காற்றடைத்த உயிர்காப்பு மிதவைகளில் ஏறிவிட்டிருந்தனர். மாணவர்களின் உடைமைகளும் அவ்வாண்டின் பாடக் குறிப்புகளும் பெரும்பாலும் கப்பலோடு சென்றன.

கப்பலின் அவசரக் குறிப்பலைக் கருவி செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பியது. ஆயினும் தேடுதல் விமானம் மிதவைகளைக் கண்டது மறுநாள் இரவில்தான். இவ்விடைவெளியில் மிதவைகளில் இருந்தவர்களுக்குத் தங்களுடைய செய்தி யாருக்கேனும் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அவர்கள் மழைநீரைச் சேமித்தனர், உணவைப் பங்கிட்டனர், பாட்டுப் பாடினர். 19 ஆம் தேதி அதிகாலையில் அவ்வழியே திருப்பிவிடப்பட்ட ஒக்குவெட்சு டிலைட், கிறிஸ்டல் பயனியர் ஆகிய சரக்குக் கப்பல்கள் அவர்களை மீட்டன. பிரேசில் கடற்படையும் மீட்புப் பணியில் ஈடுபட்டது. அனைவரும் ரியோ டி ஜெனீரோவுக்குக் கொண்டுவரப்பட்டனர். மிதவைகளில் கழிந்த காலம் ஏறக்குறைய 40 மணி நேரம்.

விசாரணை

கப்பலின் தலைவர், மேகத்திலிருந்து நேராகக் கீழ்நோக்கிப் பாயும் மைக்ரோபர்ஸ்ட் என்னும் அரிய வகைக் காற்று தாக்கியதே காரணம் என்று கருதினார். கனடியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை இதை ஏற்கவில்லை. காற்றின் வேகம் பெரும்பாலும் 25 முதல் 50 நாட் வரை, அதாவது மணிக்கு சுமார் 46 முதல் 93 கிலோமீட்டர் வரை இருந்திருக்கும் என்றும், மைக்ரோபர்ஸ்ட் நிகழ்ந்ததற்குச் சான்று இல்லை என்றும் வாரியம் கூறியது. இப்படிப்பட்ட காற்று அக்கடலில் புதுமையானது அன்று. தக்க நடவடிக்கை எடுத்திருந்தால் கப்பல் அதைத் தாங்கியிருக்கும் என்பதே அறிக்கையின் மையக் கருத்து.

இதைப் புரிந்துகொள்ள எளிய இயற்பியல் போதும். பாயின் மீது காற்றுத் தரும் அழுத்தம் காற்றின் வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் அமையும். வேகம் 20 நாட்டிலிருந்து 28 நாட்டுக்கு உயர்ந்தாலே அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். 25 நாட் 50 நாட் ஆனால் நான்கு மடங்கு. ஆகவே சூறைக்காற்று வருவதைக் கண்டவுடன் பாய்களைக் குறைக்க வேண்டும், அல்லது காற்று பின்புறத்திலிருந்து வரும்படி கப்பலைத் திருப்ப வேண்டும். காற்று வந்து சாய்த்தபின் இவற்றைச் செய்வது கடினம். அன்று காவல் பொறுப்பில் இருந்த அதிகாரி, கப்பலின் சாய்வு அதிகரித்து வந்ததை ஆபத்தாகக் கருதாததால், பாய்களைக் குறைக்கவோ திசையை மாற்றவோ இல்லை என்று வாரியம் முடிவு செய்தது.

சாய்வு மட்டுமே கப்பலை மூழ்கடித்துவிடாது. எல்லாத் திறப்புகளும் மூடப்பட்ட பாய்மரக் கப்பல் மிகவும் சாய்ந்த பின்னும் நிமிரக்கூடியது. அடியிலுள்ள பாரம் அதை இழுத்து நிறுத்தும். கான்கோர்டியாவில் மேல்தள அறைகளின் கதவுகள், சன்னல்கள், காற்றோட்டத் திறப்புகள் ஆகியவற்றுள் சில மூடப்படாமல் இருந்தன. குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டியதும் அவற்றின் வழியே நீர் புகுந்தது. வெயில் காலத்தில், மாணவர்கள் நிறைந்த வகுப்பறைக்குக் காற்று வரவேண்டிக் கதவைத் திறந்து வைப்பது கரையில் குற்றமாகாது. கப்பலும் பள்ளியும் ஒன்றாக இருப்பதன் சிக்கல் இங்கேதான் உள்ளது.

அறிக்கையின் மிகப் பயனுள்ள பகுதி சூறைக்காற்று வரைபடங்களைப் பற்றியது. 1984 இல் பெர்முடா அருகே மார்க்குவெஸ் என்ற பாய்மரக் கப்பல் சூறைக்காற்றில் மூழ்கி, அதிலிருந்த 28 பேரில் 19 பேர் இறந்தனர். அதன் பின்னர் பிரித்தானியாவில் நடந்த ஆய்வுகளின் பயனாக உருவானவை இவ்வரைபடங்கள். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வீசும் காற்றின் வேகத்தையும் கப்பலின் சராசரிச் சாய்வுக் கோணத்தையும் இவற்றில் பொருத்திப் பார்த்தால், எவ்வளவு வேகமான சூறைக்காற்று வந்தால் திறப்புகளின் வழியே நீர் புகும் என்பது தெரிந்துவிடும். காற்றுமானி, சாய்வுமானி, ஒரு தாள் ஆகிய மூன்றே இதற்குப் போதும். கான்கோர்டியாவின் நிலைப்புத்தன்மைக் கையேட்டில் இத்தகைய வரைபடங்கள் இருந்தன. ஆனால் அவை அன்று பயன்படுத்தப்படவில்லை. அவற்றைப் பயன்படுத்த அதிகாரிகளுக்குக் கட்டாயப் பயிற்சி அளிக்கும் அனைத்துலக விதி எதுவும் இருக்கவும் இல்லை.

எனவே வாரியம் கனடிய அரசுக்கு இரண்டு பரிந்துரைகளைச் செய்தது. பாய்மரக் கப்பல்களில் பணியாற்றக் கனடியச் சான்றிதழ் பெறும் அதிகாரிகள் நிலைப்புத்தன்மைக் குறிப்புகளைப் பயன்படுத்தும் அளவுக்குப் பயிற்சி பெறுவதை உறுதி செய்ய வேண்டும் என்பது ஒன்று. பயிற்சிக் கப்பல்களில் இக்குறிப்புகள் வழங்கப்படுவதற்கும் அதிகாரிகளின் தகுதிக்கும் அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் வழியாகப் பொது விதிகள் உருவாக முயல வேண்டும் என்பது மற்றொன்று.

மாணவர்களின் நடத்தையைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. மாணவர்கள் உட்பட அனைவரும், படுத்துக் கிடந்த கப்பலிலிருந்து ஓர் உயிரும் போகாமல் மிதவைகளில் ஏறினர். ஒத்திகைகள் முறையாக நடத்தப்பட்டிருந்ததே இதற்கு முக்கியக் காரணம். கற்பிக்கப்பட்டது மாணவர்களைக் காத்தது. கப்பல் இழக்கப்பட்டதோ அதிகாரிகளுக்குக் கற்பிக்கப்படாத ஒன்றினால்.

ஒப்பிடத்தக்க விபத்துகள்

கான்கோர்டியாவை ஒத்த நிகழ்வு 1961 மே 2 அன்று மெக்சிக்கோ வளைகுடாவில் நடந்தது. அமெரிக்க மாணவர்களை ஏற்றிச் சென்ற அல்பட்ராஸ் என்ற பள்ளிக் கப்பல் திடீர்க் காற்றில் கவிழ்ந்து மிக விரைவாக மூழ்கியதில் 4 மாணவர்கள் உட்பட 6 பேர் உயிரிழந்தனர். ரிட்லி ஸ்காட் இயக்கி 1996 இல் வெளிவந்த வைட் ஸ்குவால் என்ற திரைப்படம் இதைத் தழுவியது. அதற்கு முன்னர், 1957 செப்டம்பர் 21 அன்று ஜெர்மனியின் பாமிர் என்ற பயிற்சிக் கப்பல் அத்திலாந்திக்குப் பெருங்கடலில் சூறாவளியில் சிக்கி மூழ்கியது. அதிலிருந்த 86 பேரில் 6 பேர் மட்டுமே பிழைத்தனர்; இறந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சி பெற வந்த இளைஞர்கள்.

பின்னர்

கான்கோர்டியா மூழ்கியபின்னும் கிளாஸ் அஃப்லோட் திட்டம் கைவிடப்படவில்லை. 2010 இலிருந்து நோர்வேயின் சோர்லாந்தெட் என்ற கப்பல் இத்திட்டத்துக்காக அமர்த்தப்பட்டது. 1927 இல் கட்டப்பட்ட இது, எல்லாப் பாய்மரங்களிலும் சதுரப் பாய்களைக் கொண்டது. பிற்பாடு கிளாஸ் அஃப்லோட், நெதர்லாந்தின் குல்டன் லேவ் என்ற கப்பலுக்கு மாறியது. அக்கப்பல் 1937 இல் டென்மார்க்கின் கடலாய்வுக் கப்பலாகப் பிறந்து, பல பத்தாண்டுகளுக்குப் பின் பாய்மரக் கப்பலாக மாற்றியமைக்கப்பட்டது.